நெக்ஸான் இ.வி.க்கு 16 இன்ச்சே போதும்

எலெக்ட்ரிக் கார் வாங்கினால் முதல் இரண்டு மூன்று வருடம் ஊரே சார்ஜரைப் பற்றித்தான் விசாரிக்கும். எங்கே போடுறீங்க, எவ்வளவு நேரம் ஆகுது, வழியில் நின்னுட்டா என்ன பண்ணுவீங்க. டயரைப் பற்றி ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். பட்டன் தேய்ந்து, பஞ்சர் கடைப் பையன் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கும் வரை நாமும் அதை நினைக்க மாட்டோம்.

எங்கள் வீட்டில் ஓடுவது டாடா நெக்ஸான் இ.வி., 40.5 யூனிட் பேட்டரி. முன்பக்க டயர்கள்தான் முதலில் தேய்ந்தன. அதில் ஆச்சரியமில்லை. மோட்டார் இழுப்பதும் முன்சக்கரத்தில்தான், வேகம் குறையும்போது கரண்டைத் திரும்ப எடுக்கும் ரீஜென் பிடிப்பதும் முன்சக்கரத்தில்தான். மோட்டாரின் டார்க், சிக்னலில் காலை வைத்ததுமே முழுசாக வந்து நிற்கிறது. டயர் மாற்ற வேண்டும் என்று வீட்டில் பேச்சு எடுத்ததுதான் தாமதம், மச்சினன் வாட்ஸ்அப்பில் வரிசையாகப் படம் அனுப்ப ஆரம்பித்துவிட்டான். எல்லாம் 18 இன்ச் கறுப்பு அலாய். "மாத்தறதுதான் மாத்தறீங்க மாமா, ரிம்மோட மாத்திருங்க. வண்டி வேற லெவலுக்குப் போயிரும்."

அவன் ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். உயரமான வண்டியில் 16 இன்ச் வீல் கொஞ்சம் சின்னதாகத்தான் தெரியும். வீல் ஆர்ச்சில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி. 18 போட்டால் நிறைந்து நிற்கும். ஆனால் பெட்ரோல் காரில் அழகுக்காகச் செய்கிற இந்த வேலைக்கு இ.வி.யில் தனியாக ஒரு விலை உண்டு. அது கடைக்காரர் எழுதித் தரும் பில்லில் வராது.

டயர் உருளும்போது தரையைத் தொடும் இடம் நசுங்குகிறது, தாண்டியதும் விரிகிறது. நசுங்கச் செலவான சக்தி முழுதாகத் திரும்பி வராது. ஒரு பகுதி சூடாகப் போய்விடும். இதுதான் உருளல் தடை. ஐரோப்பாவில் டயரில் ஒட்டும் லேபிளில் இதற்கு ஏ முதல் இ வரை வகுப்புப் போடுகிறார்கள். ஏ வகுப்பு என்றால் ஒரு டன் எடைக்கு 6.5 கிலோ இழுப்பு அல்லது அதற்கும் கீழே. டி வகுப்பின் மேல் எல்லை 10.5 கிலோ. நம் வண்டி சுமார் 1,400 கிலோ, ஆட்கள் இரண்டு பேர், மொத்தம் 1,550 என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல டயரில் சுமார் 10 கிலோ இழுப்பு, சுமாரான டயரில் 16 கிலோவுக்கு மேல். அந்த ஆறு கிலோவை நம் மோட்டார் ஒவ்வொரு மீட்டரும் சும்மா இழுத்துக்கொண்டு போகிறது. மோட்டாரிலும் கியரிலும் போகும் நஷ்டத்தையும் சேர்த்தால் 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1.9 யூனிட்.

100 கிலோமீட்டருக்கு 13 யூனிட் குடிக்கும் வண்டி 15ஐ நெருங்குகிறது என்றால், 40.5 யூனிட் பேட்டரியில் 310 கிலோமீட்டர் போக வேண்டியது 270ல் நிற்கிறது. டயரின் ரப்பர் மட்டுமே தின்னும் 40 கிலோமீட்டர் இது. பெட்ரோல் காரிலும் இதே ஆறு கிலோ இழுப்பு இருக்கத்தான் செய்கிறது; சதவீதமாகப் பார்த்தால் நஷ்டம் ரொம்ப வித்தியாசப்படாது. ஆனால் அங்கே அடுத்த பங்க் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கிறது, அதனால் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. கோயமுத்தூரிலிருந்து வெளியூர் போய்த் திரும்பி வருகிறவனுக்கு அந்த 40 கிலோமீட்டர்தான் வழியில் சார்ஜ் போடுவதா வேண்டாமா என்பதையே முடிவு செய்கிறது.

டயர் மாறினாலே இப்படி. வீலும் பெரிதானால்? இதற்கு நல்ல சாட்சி அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே இ.பி.ஏ. என்ற அரசு அமைப்பின் பட்டியலில் சில கார்களுக்கு வீல் அளவு வாரியாக ரேஞ்ச் தனித்தனியாக இருக்கும். 2022ல் டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட் 19 இன்ச் வீலில் 396 மைல், 21 இன்ச்சில் 348 மைல் என்று இருந்தது. லூசிட் ஏர் ட்ரீம் எடிஷனில் ரேஞ்சுக்கென்றே செய்த மாடல் 19 இன்ச்சில் 520 மைல், 21ல் 481. பேட்டரி அதே, மோட்டார் அதே. டெஸ்லாவில் போனது சுமார் 77 கிலோமீட்டர், அதாவது 12 சதவீதம். இரண்டும் ஆலையே பொருத்திக் கொடுக்கும் வீல்கள், இன்ஜினியர்கள் உட்கார்ந்து வடிவமைத்தவை. நாம் வெளியே வாங்கி மாட்டப்போவது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

"ரிம்மு கனம், அதனாலதான் ரேஞ்ச் போகுது" என்று கடைகளில் சொல்வார்கள். அது பாதி உண்மை. ஒரு வீலுக்கு இரண்டு கிலோ கூடினால் நாலுக்கும் சேர்த்து எட்டு கிலோ. சுழலும் எடை என்பதால் இரண்டு மடங்காகவே கணக்கு வைத்தாலும் 16 கிலோ. டிக்கியில் ஒரு 25 கிலோ அரிசி மூட்டை போட்டதைவிடக் குறைவு. அதைச் சுழற்றச் செலவானதிலும் ஒரு பகுதியை ரீஜென் திரும்ப எடுத்துவிடும். கனம் உண்மையில் அடிப்பது சஸ்பென்ஷனை. குழியில் இறங்கி ஏறும்போது அந்த வித்தியாசம் முதுகுக்குத் தெரியும். ரேஞ்சைத் தின்பவை வேறு இரண்டு. ஒன்று, பெரிய ரிம்முக்குக் கிடைக்கும் டயர்கள் அகலமானவை, ஸ்போர்ட்ஸ் ரப்பர், உருளல் தடை அதிகம். இரண்டாவது காற்று. வீல்களும் வீல் ஆர்ச்சும் சேர்ந்து காரின் மொத்தக் காற்றுத் தடையில் கால்வாசி வரை எடுத்துக்கொள்ளும். பெரிய ஓட்டைகளும் மெல்லிய ஸ்போக்குகளும் உள்ள அலாய் நெடுஞ்சாலை வேகத்தில் காற்றைக் கலக்கிக்கொண்டே போகும். டெஸ்லா மாடல் 3ன் அழகான அலாய் மேல் பிளாஸ்டிக் மூடி போட்டு விற்கிறார்களே, அது இதற்காகத்தான். ஊருக்குள் மட்டும் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறவர்களுக்குக் காற்றைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

இனி அளவுக்கு வருவோம். நெக்ஸான் இ.வி.யில் வருவது 215/60 ஆர்16. அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், அதாவது 129 மி.மீ. மொத்த விட்டம் 664 மி.மீ. ரிம்மை மாற்றுகிறவர்கள் இந்த விட்டத்தை விட்டு விலகக் கூடாது. 17 இன்ச்சுக்குப் போனால் 215/55 ஆர்17 பொருந்தும்: விட்டம் 668, பக்கச் சுவர் 118. 18 இன்ச்சில் கிட்டத்தட்ட ஒத்துப்போவது 225/45 ஆர்18: விட்டம் 660, பக்கச் சுவர் 101. அதாவது குழிக்கும் ரிம்முக்கும் நடுவே இருந்த ரப்பரில் 28 மில்லிமீட்டர் காணாமல் போகிறது. நம் ஊர் சாலையில், பெயின்ட் அடிக்காத வேகத்தடைகளில், மழைத் தண்ணீர் மூடிய பள்ளங்களில் அந்த 28 மில்லிமீட்டர் சின்ன விஷயமில்லை. இதை நான் சொல்வதைவிட எங்கள் டயர் கடைக்காரர் சொன்னதே போதும். பதினெட்டு ரிம் விற்றால் லாபம் அவருக்குத்தான். இருந்தும், "ஏனுங்ணா, போட்டா ஆர்ச் நெறஞ்சு நிக்குமுங்க, பாக்கறதுக்கு சோக்கா இருக்குமுங்க. ஆனா ரிம்மு பெண்டெடுக்க வர்ற வண்டியில பாதி பதினெட்டுதானுங்க" என்றார்.

அகலத்தைக் கூட்டி 225/55 ஆர்17 போடுகிறவர்களும் உண்டு. விட்டம் 679 ஆகிவிடும், 2 சதவீதத்துக்கு மேல் பெரிசு. வண்டி 100 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 98தான் காட்டும். ஸ்பீடோமீட்டரும் அப்படியே குறைத்துக் காட்டும். யூனிட்டுக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கில் அந்த இரண்டு சதவீதம் பொய் நஷ்டம், மீதி நிஜ நஷ்டம். எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியாமல் குழம்புவோம். டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி வேறு பழைய அளவிலேயே கிடக்கும்.

பலர் பார்க்காத எண் ஒன்று டயரின் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது: சுமைக் குறியீடு. 215/60 ஆர்16 டயரில் வழக்கமாக 95 எச் என்று இருக்கும். 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும், எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. 225/45 ஆர்18 டயர் சாதாரண வகையில் 91 என்றே கிடைக்கும். அது 615 கிலோ. டயருக்கு 75 கிலோ குறைவு. அதே அளவில் எக்ஸ்.எல். என்று எழுதிய வகையை வாங்கினால்தான் 95 கிடைக்கும், அதற்குக் காற்றும் கூடுதலாக வைக்க வேண்டும். பேட்டரியின் எடையால் பெட்ரோல் நெக்ஸானைவிடக் கனமான வண்டி இது; குடும்பத்தோடு லக்கேஜும் ஏற்றுகிறோம். காரோடு வந்த டயரில் உள்ள எண்ணுக்குக் கீழே ஒரு படிகூட இறங்க வேண்டாம். "எல்லாம் ஒண்ணுதாங்க" என்று எந்தக் கடையில் சொன்னாலும் அங்கிருந்து கிளம்பிவிடலாம்.

சரி, ரிம் மாற்றியே தீருவேன் என்பவர்களுக்கு. நட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம், பி.சி.டி., மில்லிமீட்டர் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். 108, 112, 114.3 என்று பல அளவுகள் உண்டு. நட்டை இறுக்கினால் அட்ஜஸ்ட் ஆகிவிடும் என்ற பேச்சே கிடையாது. நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் சென்டர் ரிங் போட்டு நிரப்ப வேண்டும், இல்லையென்றால் 80க்கு மேல் ஸ்டீயரிங் ஆடும், பேலன்சிங்கை எத்தனை முறை பார்த்தாலும் நிற்காது. நட்டின் உட்காரும் முகம் கூம்பா உருண்டையா என்பதும் ரிம்மோடு பொருந்த வேண்டும். அப்புறம் ஆஃப்செட்: ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்ற கணக்கு. உதாரணத்துக்கு, 6.5 ஜே அகலம், 45 ஆஃப்செட் உள்ள ரிம்மை எடுத்துவிட்டு 7.5 ஜே, 38 ஆஃப்செட் போட்டால் வீல் வெளிப்பக்கம் சுமார் 20 மி.மீ. தள்ளி நிற்கும். பார்க்க மிரட்டலாக இருக்கும். வீல் பேரிங்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் அது கூடுதல் சுமை. மழையில் கதவெல்லாம் சேறு.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ரிம் மாற்றினால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் வந்து கேட்கும்போது விளக்கம் சொல்வதைவிட அது சுலபம்.

நான் ரிம்மைத் தொடவில்லை. டயருக்கு மட்டும் மண்டையைக் குடைந்துகொண்டேன். இப்போது இ.வி.க்கென்றே டயர் விற்கிறார்கள்: அப்பல்லோவின் ஆம்பீரியன், சியட்டின் எனர்ஜிடிரைவ், மிச்சலினின் பைலட் ஸ்போர்ட் இ.வி., ஹாங்குக்கின் அயான். உருளல் தடை குறைவு, உடம்பு உறுதி, சத்தம் குறைவு என்பவைதான் இவை சொல்லும் மூன்று. சிலவற்றில் உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டியிருப்பார்கள், டயருக்குள் அடைபட்ட காற்று எதிரொலித்து எழுப்பும் ஓசையை அமுக்க. இன்ஜின் சத்தம் இல்லாத காரில் டயர் சத்தம்தான் முதல் சத்தம், அதனால் இதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் பஞ்சர் ஆனால் அந்த ஸ்பாஞ்சை வெட்டி எடுத்துவிட்டுத்தான் உள்ளே பேட்ச் ஒட்ட முடியும். ஆணி பொறுக்கும் நம் சாலைகளுக்கு எனக்கு அது வேண்டாம் என்று பட்டது. இரண்டு டன்னுக்கு மேல் எடையும் பயங்கர வேகமும் உள்ள கார்களுக்கு இ.வி. டயர் அவசியம் என்பேன். 1,400 கிலோ நெக்ஸானுக்குச் சரியான சுமைக் குறியீடும் குறைந்த உருளல் தடையும் உள்ள நல்ல டூரிங் டயரே போதும். இ.வி. என்று எழுதியதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

உருளல் தடையே கதி என்றும் இருந்துவிடக் கூடாது. ரப்பரைச் சுலபமாக உருளவைப்பதும், ஈரத்தில் பிடிக்கவைப்பதும் ஒன்றையொன்று இழுக்கும் வேலைகள். இரண்டையும் ஒரே டயரில் கொண்டுவர சிலிக்கா கலந்த நல்ல கலவை வேண்டும், அதற்குக் காசு ஆகும். ஐரோப்பிய லேபிளில் ஈரப் பிடிப்புக்கும் தனி வகுப்பு உண்டு. 80 கிலோமீட்டர் வேகத்தில் முழு பிரேக் அடித்தால் முதல் வகுப்புக்கும் கடைசி வகுப்புக்கும் நிற்கும் தூரத்தில் 18 மீட்டர் வரை வித்தியாசம் வரலாம் என்கிறார்கள். ஐப்பசி மழையில் முன்னால் போகும் லாரி திடீரென்று நின்றால் அந்த 18 மீட்டர் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அதனால் என் வரிசை இது: முதலில் சுமை, பிறகு ஈரப் பிடிப்பு, அதற்குப் பிறகே ரேஞ்ச். நம் ஊரிலும் ஃபிரிட்ஜில் ஒட்டுகிற அதே பி.ஈ.ஈ. நட்சத்திரம் டயருக்கு வந்திருக்கிறது, கட்டாயமில்லை என்பதால் எல்லா டயரிலும் இருக்காது. அதே மாடல் ஐரோப்பாவிலும் விற்கிறது என்றால் அந்த ஊர் லேபிளை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். ஆனால் ஒரே பெயரில் ஊருக்கு ஊர் ரப்பர் கலவை மாறுவதுண்டு, அதை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஈர ரோட்டில் ரீஜெனையும் ஒரு படி இறக்கிவிடுவது நல்லது. முன்சக்கரம் மட்டும் பிடித்து இழுப்பதால் காலை எடுத்ததும் வழுக்கப் பார்க்கும்.

கடையில் நிற்கும்போது இரண்டைப் பாருங்கள். டயர் ஓரத்தில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2325 என்றால் 2025ஆம் வருடத்தின் 23ஆவது வாரம் செய்தது. இரண்டு வருடம் குடோனில் கிடந்ததைப் புதுசு என்று மாட்டிவிடுவார்கள். இரண்டாவது, இதை ரொம்ப அழுத்திச் சொல்கிறேன்: ஜாக்கி. இ.வி.யின் அடியில் தட்டையாக இருப்பது பேட்டரி. அவசரத்தில் பையன்கள் டிராலி ஜாக்கியை நடுவில் தள்ளிவிடுவார்கள், பெட்ரோல் கார் பழக்கம். ஜாக்கி வைக்க வேண்டிய நாலு இடங்கள் ஓரத்தில் இருக்கின்றன, வண்டிப் புத்தகத்தில் படம் போட்டிருக்கிறார்கள். கூடவே நின்று கை காட்டுங்கள். அங்கே டீ குடிக்கப் போகாதீர்கள். டயர் பிரஷர் சென்சார் வால்விலேயே இருக்கும் வகை என்றால் கழற்றும்போது உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சக்கர வேகத்தை வைத்துக் கணிக்கும் வகை என்றால் வேலை முடிந்ததும் ரீசெட் செய்தால் போதும்.

புது டயர் போட்டுக்கொண்டு வெளியே வந்ததும் ரேஞ்ச் குறையும். எந்த டயர் போட்டாலும் குறையும். பழைய டயரில் பட்டன் தேய்ந்து நசுங்குவதற்கு ரப்பரே இல்லை, அதனால் அது சுலபமாக உருண்டது. விட்டமும் ஒரு சென்டிமீட்டர் குறைந்திருந்தது, அதனால் மீட்டர் ஒன்றரை சதவீதம் கூட்டிக் காட்டியது. இரண்டும் சேர்ந்து நமக்குக் கொடுத்த பழைய கணக்கே கொஞ்சம் மிகைதான். புது டயர் தன் உண்மையான குணத்தைக் காட்ட ஓரிரு மாத ஓட்டமாவது வேண்டும். கோயமுத்தூர்க்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: ஆடியில் டயரை மதிப்பிடாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரே அடிக்கும்போது நல்ல டயரும் கெட்ட பெயர் வாங்கும், திரும்பி வரும்போது கெட்ட டயரும் நல்ல பெயர் வாங்கும். போய் வந்த இரண்டையும் கூட்டிப் பார்த்தால்தான் ஏதாவது புரியும்.

டயரில் அடைக்கும் காற்று பற்றி ஒன்று. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் எண் இருக்கும். டயர் சூடாகும் முன்பு, காலையில், அந்த எண்ணுக்கு வையுங்கள். ரேஞ்சுக்காக ஏழு எட்டு பாயின்ட் ஏற்றிவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நடுப்பகுதி மட்டும் தேயும், மழையில் பிடி குறையும். முன்னும் பின்னும் டயரை 10,000 கிலோமீட்டருக்குள் இடம் மாற்றினால் நாலும் ஒன்றாகத் தேயும், நாலையும் ஒன்றாக மாற்றலாம்.

என் தீர்ப்பு இதுதான். நெக்ஸான் மாதிரி வண்டிக்கு ஆலை கொடுத்த 16 இன்ச் ரிம்மே சரி. ரிம்முக்கு ஒதுக்கிய பணத்தை டயரின் தரத்தில் போடுங்கள். அழகு கட்டாயம் என்றால் 17 வரை போகலாம், ஆஃப்செட்டையும் சுமைக் குறியீட்டையும் விட்டுக்கொடுக்காமல். 18 வேண்டாம். ஏற்கெனவே 17 போட்டு ஓட்டுகிற நெக்ஸான் இ.வி.க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அளவு, டயரின் பெயர், யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எழுதி அனுப்புங்கள். மாற்றுவதற்கு முன்பு எடுத்த கணக்கும் கூடவே இருக்க வேண்டும். மாற்றிய பிறகு எடுத்தது மட்டும் என்றால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.